பூண்டு தின்ற நாற்பது தாய்மீன்கள்

முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டால் தம்பிக்குக் கைகால் உதறும். "இவனுக்குப் பாம்புன்னா பயம் இல்ல, பேய்ன்னா பயம் இல்ல, ரப்பர் ஸ்டாம்புன்னாத்தான் பயம்" என்று அவனுடைய அக்காவே வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் இல்லாமல் வேறு யார் வீட்டு வாசலில் அந்த நோட்டீசை ஒட்டுவார்கள்?

அக்காவுக்கு இரண்டு பெரிய குளம், ஒரு சின்னக் குளம். எல்லாம் மீன் வளர்ப்புக் குளங்கள். கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்று, அதே பிடிவாதத்தோடு அவள் வெட்டிய குளங்கள். பெரிய குளங்களில் பன்னிரண்டாயிரம் மீன்கள். சின்னக் குளத்தில் நாற்பது தாய்மீன்கள். அந்த நாற்பதும் முட்டையிட்டுத்தான் மற்ற குளங்களுக்குக் குஞ்சு வரவேண்டும். அக்கா அவற்றை ஒவ்வொன்றாக முகம் பார்த்துச் சொல்லுவாள். மீனுக்கு ஏது முகம் என்று கேட்டவர்களுக்குச் சாப்பாடு கிடைக்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சுற்றுவட்டாரத்தில் செவுள் அழுகல் வந்தது. மீனின் செவுளில் பஞ்சு போல வெள்ளையாகப் படரும், உடம்பில் புண் வரும், நாலாம் நாள் வயிறு மேலே மிதக்கும். கடையில் அனுமதி பெற்ற பொடி என்று ஒன்று விற்றார்கள். எல்லாரும் மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டினார்கள். கிருமிகளுக்கு அந்தப் பொடி எப்போதோ பழகிப்போயிருந்தது. அதைத் தின்றே கொழுத்தன என்றுகூடச் சொல்லலாம்.

அக்கா பொடி வாங்கவில்லை. "எனக்குச் சளி பிடிச்சா நான் பூண்டு திங்கிறேன். என் மீனுக்கு மட்டும் என்ன கேடு?" என்று சொல்லி, பூண்டை நசுக்கி, எண்ணெயில் ஊறவைத்து, தீவனத்தில் பிசறி, நிழலில் உலர்த்திப் போட்டாள். ஒரு மாதத்தில் மீன்களின் மேல் வழவழப்பு கூடியது. கையில் பிடித்தால் நழுவிக்கொண்டு போயின. மீனுக்கு அந்த வழவழப்புதான் முதல் கவசம். பூண்டு கிருமியைக் கொஞ்சம் அடிக்கும். மிச்சத்தை அடிக்கச் சொல்லி மீனின் ரத்தத்தையே உசுப்பிவிடும். இதெல்லாம் அக்கா படித்துத் தெரிந்துகொண்டதில்லை, குளத்தில் இறங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அந்த வருஷம் அக்கம்பக்கத்துக் குளங்களில் எல்லாம் மீன் மிதந்தது, அக்காவின் குளத்தில் மீன் துள்ளியது.

அதுதான் தப்பாகப் போயிற்று. துள்ளுகிற மீன் கண்ணை உறுத்தாதா? மூன்று வருஷம் கழித்து மீன்வளத்துறைக் கள அதிகாரி வந்தார். குளக்கரையில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்ன வாசனை இது?"

"பூண்டு சார்" என்றான் தம்பி.

"பூண்டுன்னு நீங்க சொல்றீங்க. சட்டப்படி இது அனுமதி பெறாத இயற்கைக் கிருமியெதிர்ப்புச் சேர்மம்."

அக்கா கேட்டாள், "அப்போ எங்க சமையல்ல போடறது?"

"அது என் துறையில வராதும்மா."

நோட்டீசில் இரண்டு உத்தரவு இருந்தது. ஒன்று, அரசு ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதித்து அனுமதி தரும்வரை குளங்களில் பூண்டு போடக் கூடாது, மீறினால் எல்லா மீனும் பறிமுதல். இரண்டு, பரிசோதனைக்கு மூன்று வருஷம் பூண்டு தின்ற மீன்கள் நாற்பது ஒப்படைக்கப்பட வேண்டும். மூன்று வருஷம் தின்ற மீன் என்றால் தாய்மீன்கள் மட்டும்தான். மற்றதெல்லாம் வருஷா வருஷம் விற்றுப்போகும்.

"குடுக்காதடா" என்றாள் அக்கா. "விதைநெல்லைக் கேட்கிறாங்க."

"சட்டப்படி போயிடுவோம்க்கா. பரிசோதனை ஒன்றரை மாசம்தானாம். அனுமதி வந்துட்டா அப்புறம் யாரும் நம்ம பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாங்க."

"நோய்க் காலம் வருதுடா. பூண்டை நிறுத்தச் சொல்றாங்களே."

"ஒன்றரை மாசம்தானேக்கா."

அக்கா பூண்டு நசுக்குகிற கல்லைக் கழுவிச் சுவரோரம் கவிழ்த்து வைத்தாள்.

நீர்வாழ் உயிரின நோய் எதிர்ப்பாற்றல் நிறுவனம் ஐந்து மாடிக் கட்டடம். மேல் நான்கு மாடிகளிலும் மேசைகள் இருந்தன, கீழ்த்தளத்தில் ஒரு கூடத்தில் மட்டும் மீன் இருந்தது. மீனைக் கொண்டுவந்தவரே கூட இருந்து தீவனம் போட வேண்டும் என்பது விதி. ஊழியர்கள் போட்டு ஏதாவது ஆனால் பொறுப்பு அவர்கள் தலையில் வந்துவிடுமாம். தம்பிக்குக் கூடத்தை ஒட்டி ஓர் அறையும் கட்டிலும் கொடுத்தார்கள்.

கூடத்தில் காலெடுத்து வைத்ததும் அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். ஒரு பக்கம் தொட்டிகள். எதிர்ப்பக்கச் சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரைவரை, கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு மீன், வயிறு கிழிக்கப்பட்டு, திரும்பத் தைக்கப்பட்டு, மருந்துத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. கண்கள் வெளுத்திருந்தன. எல்லா மீன்களும் தொட்டிகளைப் பார்த்தபடி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு ஜாடியிலும் ஒரே மாதிரிச் சீட்டு: 'எதிர்ப்பாற்றல் நிரூபிக்கப்பட்டது.'

"இதெல்லாம் பரிசோதனையில செத்ததுங்களா?" என்று தம்பி கேட்டான்.

"சேச்சே" என்றார் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். நாளெல்லாம் ரப்பர் பூட்ஸோடு ஈரத்திலேயே நிற்பதால் அவருக்கு ஈரக்கால் என்று பெயர். "செத்ததைக் குப்பையில போட்டுடுவோம். இதெல்லாம் பிழைச்சதுங்க. ஜெயிச்சதுங்க."

"பிழைச்சதை எதுக்கு ஜாடியில..."

"எதிர்ப்பாற்றலை அளக்கணும்ல? ரத்தம் எடுக்கணும், மண்ணீரலைப் பார்க்கணும். கிழிச்சாத்தானே தெரியும்."

ஈரக்கால் ஒரு துணியை எடுத்து நாலாவது வரிசை ஜாடிகளைத் துடைத்தார். மற்ற வரிசைகளைவிட அந்த வரிசை பளபளவென்று இருந்தது. "இதுங்க என்னோடது" என்றார். "கெளுத்தி. வேப்பிலைச் சாறு குடுத்து வளர்த்தேன். இங்க கொண்டுவந்து பதினோரு வருஷம் ஆகுது. அத்தனையும் ஜெயிச்சிடுச்சு."

"அனுமதி கிடைச்சுதாண்ணே?"

"நாலாவது வருஷம் கிடைச்சுது. அதுக்குள்ள குளத்தைத் தூர்த்து யாரோ வீடு கட்டிட்டாங்க. மீனும் இல்ல, குளமும் இல்ல, எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வீட்டுக்குப் போறது? இங்கயே வேலை போட்டுக் குடுத்துட்டாங்க."

தம்பி திரும்பித் தொட்டிகளைப் பார்த்தான். அக்காவின் தாய்மீன்கள் நாற்பதும் சுவருக்கு எதிர்மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஜாடிப் பக்கம் ஒன்றுகூட வரவில்லை.

இயக்குநர் மறுநாள் வந்தார். நல்ல மனுஷன். குரல் தேனாக இருக்கும். அவர் மேல் யாராலும் கோபப்பட முடியாது, அதுதான் அவரிடம் இருந்த பெரிய ஆபத்து.

"நாற்பதை ரெண்டாப் பிரிக்கிறோம்" என்றார். "அ தொட்டிக்கு இருபது. அதுக்குப் பூண்டு உண்டு. ஆ தொட்டிக்கு இருபது. அதுக்கு வெறும் தீவனம். ஒரு மாசம் கழிச்சு ரெண்டுலயும் கிருமியை ஊத்துவோம். ஆ தொட்டி சாகும். அ தொட்டி பிழைக்கும். அப்போ பூண்டு வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"அது எங்களுக்கே தெரியுமே சார். மூணு வருஷமா உயிரோட இருக்கே."

"உயிரோட இருக்கிறது ஆதாரம் ஆகாது தம்பி. அது ஒரு தற்காலிக நிலை." அவர் அவன் தோளில் கை வைத்தார். "எந்த இருபது சாகணும்னு நீங்களே பிரிச்சுக் குடுங்க. நாங்க பிரிச்சா பாரபட்சம்னு பேர் வரும்."

தம்பி வலைக்கரண்டியோடு ஒரு மணி நேரம் நின்றான். அக்கா முகம் பார்த்துச் சொல்லும் மீன்கள். வால் கிழிந்தது, ஒற்றைப் புள்ளி வைத்தது, எப்போதும் முதலில் தீவனத்துக்கு வருகிற சோற்றுப்பானை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அள்ளினான். கண்ணைத் திறந்தபோது சோற்றுப்பானை ஆ தொட்டியில் இருந்தது.

இருபதாம் நாளே ஆ தொட்டி மீன்கள் மாறிவிட்டன. வழவழப்புக் குறைந்தது, நிறம் மங்கியது. அவன் அ தொட்டிக்குப் பூண்டுத் தீவனம் போட்டுவிட்டு அந்தக் கையோடு திரும்பினால், ஆ தொட்டியின் இருபதும் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சத்தம் கிடையாது. அறைக்குப் போய்ப் படுத்தாலும் இருபது வாய் திறந்து மூடுவது அவன் கண்ணுக்குள் வந்து நின்றது. சாப்பிடும்போதும் வந்தது. யாராவது எதிரே நின்று பேசினால், அவர்கள் வாயும் அப்படித்தான் தெரிந்தது.

அன்றைக்கு அக்கா போன் செய்தாள். "டேய், பெரிய குளத்துல, மேலாண்ட ஓரத்துல அஞ்சாறு மீனுக்குப் புண் தெரியுது."

"அதுக்குள்ளயா?"

"ஒரே ஒரு கூடை பூண்டு போடட்டுமா? யாருக்குத் தெரியப்போவுது?"

"வேணாம்க்கா! அந்த ஆளு மோந்து பார்த்தே கண்டுபிடிச்சிடுவான். எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிடுவாங்க. தாய்மீனும் இங்க மாட்டிக்கும்."

"நீ சொல்றேன்னு பொறுத்துக்கிறேன்" என்றாள் அக்கா. "உன்ன நம்பித்தான்டா இருக்கேன்."

போனை வைத்துவிட்டு அவன் கூடத்துக்கு வந்தான். மதியச் சாப்பாட்டு நேரம், யாரும் இல்லை. ஆ தொட்டி மீன்கள் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்தன. அவனால் தாங்க முடியவில்லை. பூண்டுத் தீவனத்தை ஒரு பிடி அள்ளி ஆ தொட்டியில் போட்டான். மறுநாளும் போட்டான். அப்புறம் தினமும் போட்டான். பதிவேட்டில் மட்டும் 'ஆ தொட்டி: வெறும் தீவனம்' என்று மணிமணியாக எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

இதில் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கண்ணெதிரே இருந்த இருபது மீனுக்காகச் சட்டத்தை மீறத் துணிந்த அந்தப் புண்ணியவான், கண்ணுக்கு எட்டாத பன்னிரண்டாயிரம் மீனுக்காக அக்கா கெஞ்சியபோது சட்டம் பேசினான். அது அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும் போனை எடுத்து 'போடுக்கா' என்று சொல்ல நாக்கு எழவில்லை. நோட்டீசில் இருந்த முத்திரை அவன் தொண்டையில் குத்தியிருந்தது.

முப்பதாம் நாள் கிருமி ஊற்றும் விழா. ஐந்து மாடிக்காரர்களும் கீழே இறங்கி வந்தார்கள். கிருமிக் குப்பிக்கு ரிப்பன் கட்டியிருந்தது. இயக்குநர் கத்தரித்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"நண்பர்களே" என்றார் இயக்குநர். "கிருமியை எதிரின்னு சொல்றாங்க. தப்பு. கிருமி இல்லன்னா நோய் இல்ல. நோய் இல்லன்னா எதிர்ப்பாற்றல் இல்ல. எதிர்ப்பாற்றல் இல்லன்னா இந்த நிறுவனம் இல்ல. இந்த ஐந்து மாடியையும் தாங்கி நிக்கிறது இந்தச் சின்னக் குப்பிதான்." சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

குப்பியைச் சரிபாதியாக இரண்டு தொட்டியிலும் ஊற்றினார்கள். எல்லாரும் ஆ தொட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அ தொட்டிப் பக்கம் யாரும் போகவில்லை.

பதினைந்து நாள் போயிற்று. ஆ தொட்டியில் ஒன்றுகூடச் சாகவில்லை. சோற்றுப்பானை எப்போதும் போல முதலில் தீவனத்துக்கு வந்தது.

நிறுவனத்தில் இழவு விழுந்த மாதிரி ஆயிற்று. மேல்மாடியில் அவசரக் கூட்டம் போட்டுத் தம்பியைக் கூப்பிட்டார்கள். இயக்குநரின் தேன் குரல் அன்றைக்கு நடுங்கியது.

"இருபத்தாறு வருஷத்துல ஒரு ஆ தொட்டிகூட நம்மள ஏமாத்தினதில்ல. ஒழுங்கா, சொன்ன தேதியில, சொன்ன கணக்குல செத்திருக்கு. இது அவமானம். ஒண்ணு ரெண்டாவது செத்துக் குடுத்திருக்கக் கூடாதா?" அவர் ஒரு காகிதத்தை எடுத்தார். "அ தொட்டியிலும் சாவு இல்ல, ஆ தொட்டியிலும் சாவு இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் பூஜ்யம். ஆகவே பூண்டுக்கு எந்தப் பலனும் இல்ல. அனுமதி மறுக்கப்படுது."

வாழ்க்கையில் முதல்முறையாக, முத்திரைகள் அடுக்கியிருந்த ஒரு மேசைக்கு முன்னால், தம்பி உண்மையைச் சொன்னான்.

"சார், என்னை மன்னிச்சிடுங்க. ஆ தொட்டிக்கும் நான்தான் பூண்டு போட்டேன். பார்க்கச் சகிக்கல சார். அதனாலதான் சாகல. பூண்டு வேலை செய்யுது சார்!"

இயக்குநர் பதிவேட்டைப் புரட்டினார்.

"'வெறும் தீவனம்'னு இருக்கே. இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் சார். பொய் எழுதிட்டேன்."

"தம்பி" என்றார் இயக்குநர் பரிவோடு. "நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. மனுஷன் பொய் சொல்லலாம். பதிவேடு சொல்லாது. இதுல போடலன்னு இருந்தா போடலதான்." சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "அப்படின்னா பாருங்க, பூண்டே இல்லாம இந்த இருபதும் பிழைச்சிருக்கு! என்ன அபூர்வமான மீனுங்க! நாற்பதையும் நாளைக்கே கிழிச்சுப் பார்த்துடணும். ஜாடி இருக்கான்னு கேளுங்க."

எல்லாரும் தம்பிக்குக் கை கொடுத்தார்கள். அவன் படியிறங்கிக் கூடத்துக்கு வந்தபோது போன் அடித்தது. அக்கா அழவில்லை. அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை.

"ரெண்டு குளமும் போச்சு" என்றாள். "நேத்து ஆயிரம், இன்னைக்கு மிச்சம் எல்லாம். தண்ணியே தெரியலடா, வெறும் வயிறுதான் தெரியுது."

"அக்கா..."

"பூண்டு நசுக்குற கல்லைக் கையில எடுத்துக்கிட்டுப் போய் மூணு தடவை திரும்பி வந்தேன். நீ வேணாம்னு சொன்னேன்னு திரும்பி வந்தேன். உன் பேச்சைக் கேட்டு என் கையால நிறுத்தினேன்டா." பிறகு கேட்டாள், "அந்த நாற்பது மீனாவது இருக்கா?"

"இருக்குக்கா."

"கொண்டு வந்துடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தம்பி தொட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். ஈரக்கால் துடைக்கிற துணியோடு வந்து பக்கத்தில் குந்தினார். விஷயத்தைக் கேட்டார். பிறகு ஜாடிகளைக் காட்டிச் சொன்னார்.

"இங்க உயிரோட இருக்கிற மீனுக்குத்தான் கத்தி. செத்துப்போனதை ஒரு ஆளும் திரும்பிப் பார்க்க மாட்டான்."

"அதுக்கு?"

"பதிவேடு உன் கையிலதானே இருக்கு? இன்னைக்குப் பொழுதுக்குள்ள நாற்பதும் செத்துப்போச்சுன்னு எழுது. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன். கழிவுப் பீப்பாய உன் வண்டியில ஏத்திக்கிட்டுக் கிளம்பு."

"செத்துடுச்சுன்னு எழுதினா பூண்டு கொல்லுதுன்னு ஆயிடுமேண்ணே. அப்புறம் என்னைக்குமே அனுமதி கிடைக்காது."

"அனுமதிய வெச்சி என் கெளுத்தி நீந்துச்சா?" என்றார் ஈரக்கால்.

தம்பி பேனாவை எடுத்தான். நாற்பது வரி எழுதினான். ஒவ்வொரு வரியிலும் 'இறப்பு' என்று எழுதினான். சோற்றுப்பானையின் வரியை எழுதும்போது அது தொட்டியின் கண்ணாடியில் வந்து முட்டியது.

தகவல் ஐந்து மாடிக்கும் போயிற்று. இயக்குநர் ஓடோடி வந்தார். பதிவேட்டைப் படித்துப் பெருமூச்சு விட்டார். இத்தனை நாள் பாரம் இறங்கினாற்போல அவர் முகம் தெளிந்தது.

"நாற்பதுமா! அ தொட்டியுமா! அப்போ பூண்டு மீனைக் கொல்லும்னு நிரூபணமாயிடுச்சு. தெளிவான முடிவு. மனசைத் தளர விடாதீங்க தம்பி, தோல்வியும் அறிவுதான்."

இருவரும் நாற்பதையும் தண்ணீரோடு அள்ளிப் போட்டிருந்த பீப்பாய் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மேலே 'கழிவு' என்று எழுதியிருந்தது. உள்ளே நாற்பது மீன்களும் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தன. இயக்குநர் ஆழ்ந்த அனுதாபத்தைச் சொல்லிக்கொண்டிருக்கையில், ஒரு வால் தண்ணீரை வாரி அவர் முகத்தில் அடித்தது. அவர் கைக்குட்டையை எடுத்து நிதானமாகத் துடைத்துக்கொண்டார். "ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்" என்றார். நின்றார்கள். அந்த ஒரு நிமிஷமும் பீப்பாய்தான் சத்தம் போட்டது.

வண்டியைக் கிளப்பும்போது தம்பி கேட்டான், "நீங்களும் வாங்களேண்ணே."

ஈரக்கால் சிரித்தார். "நான் எப்படி வர்றது? வருகைப் பதிவேட்டுல நான் உயிரோட இருக்கேனே."

வீட்டில் அக்கா எதுவும் கேட்கவில்லை. நாற்பதையும் தன் கையாலேயே சின்னக் குளத்தில் இறக்கினாள். தம்பி குழி வெட்டினான். நாலு நாள் வெட்டினான். பன்னிரண்டாயிரம் மீனுக்குக் குழி வெட்டுவது என்றால் சும்மாவா? அந்த வாடை துணியில் ஏறி, தலைமுடியில் ஏறி, சோற்றில் ஏறிற்று. பெரிய குளங்களின் தண்ணீரை வடித்து, தரையில் சுண்ணாம்பு தூவினார்கள். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. காற்று அடிக்கும்போது சுண்ணாம்பு எழும்பிக் கரையோரம் அலைந்தது. அக்கா வீட்டு வாசலை அந்தப் பக்கம் திறப்பதையே விட்டுவிட்டாள். அவனிடம் பேசுவதையும் கிட்டத்தட்ட விட்டுவிட்டாள்.

ஒரு மாதம் கழித்துக் கள அதிகாரி கோப்போடு வந்தார். நேரே சின்னக் குளத்துக்குப் போனார். நாற்பது மீன்களும் தீவனம் என்று நினைத்து அவர் காலடிக்கு வந்து வாயைத் திறந்தன. அதிகாரி கோப்பைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், மறுபடி கோப்பைப் பார்த்தார்.

"தாய்மீன் குளம். காலி" என்று எழுதிக்கொண்டார்.

பிறகு பெரிய குளத்துக்கு வந்தார். வெடித்துக் கிடந்த தரையின் விளிம்பில் நின்றார்.

"கண்காணிப்புக் குளங்கள் ரெண்டு. மீன்கள் பன்னிரண்டாயிரம். நலம்."

"சார்" என்றான் தம்பி. "இதுல மீன் இல்ல. எல்லாம் செத்துப்போச்சு. நாங்கதான் புதைச்சோம்."

"இறப்பு அறிக்கை குடுத்தீங்களா?"

"குடுத்தேன் சார். திருப்பி அனுப்பிட்டாங்க. நோய் வந்த மீனை உயிரோட கொண்டுவந்து காட்டணும்னாங்க."

"அப்போ இன்னும் சாகல" என்றார் அதிகாரி. கோபமில்லாமல்தான் சொன்னார். "நல்ல செய்திதானே? பூண்டை நிறுத்தினதும் எவ்வளவு ஆரோக்கியமா இருக்கு பாருங்க. மேலிடத்துல உங்க குளத்தைத்தான் முன்மாதிரியாச் சொல்றாங்க."

அக்கா இத்தனையும் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். அவள் கையில் கூடை இருந்தது. சின்னக் குளத்துக்காகப் பிசறி வைத்திருந்த பூண்டுத் தீவனம். காகிதத்தில் செத்த மீனுக்குப் பூண்டு போடக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை என்பதால் தினமும் பிசறினாள்.

அவள் முன்னால் வந்தாள். "ஏன் சார், இதுல இருக்கிறதெல்லாம் உயிரோட இருக்குதா?"

"கோப்புப்படி ஆமாம்மா."

"பன்னிரண்டாயிரமும்?"

"பன்னிரண்டாயிரமும்."

அக்கா கரையிலிருந்து இறங்கினாள். சுண்ணாம்பில் அவள் கால் பதிந்தது. குளத்தின் நடுவில் போய் நின்று, கூடைக்குள் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி வெடித்த சேற்றின் மேல் வீசினாள்.

"தின்னுங்கடி" என்றாள். "அன்னைக்குக் கேட்டீங்க, நான் போடல. இப்பவாவது தின்னுங்க."

இன்னொரு பிடி வீசினாள். பூண்டு வாசனை காற்றில் வந்தது. அதிகாரி மூக்கை உறிஞ்சினார். அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தார்.

"அம்மா, தடை செஞ்ச சேர்மத்தை மீனுக்குப் போடறீங்க. என் கண் முன்னாடியே போடறீங்க. மீனெல்லாம் பறிமுதல் ஆயிடும், ஆமா."

"எடுத்துக்கிட்டுப் போ" என்று அக்கா கத்தினாள். "எண்ணி எடுத்துக்கிட்டுப் போ."

அதிகாரி எழுதத் தொடங்கினார். முத்திரை வைக்கிற மைப்பெட்டியை வெளியே எடுத்துக் கரைக்கல்லின் மேல் வைத்தார். தம்பி அதைப் பார்த்தான். வழக்கம்போல கை உதறியது. உதறுகிற கையோடேயே அவன் குளத்தில் இறங்கினான். அக்காவின் பக்கத்தில் போய் நின்று, கூடைக்குள் கையை விட்டு அள்ளினான்.

"மேலாண்ட ஓரத்துக்குப் போடு" என்றாள் அக்கா, அவன் முகத்தைப் பார்க்காமல். "அங்கதான் முதல்ல வந்துச்சு."

அவன் மேலாண்ட ஓரத்துக்குப் போட்டான்.